அப்பாவின் வெள்ளையணுக்கள்

அந்த வருஷம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் என் அப்பாவைப் பார்த்து ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். நல்லா சதை போட்டுட்டீங்களே என்பார்கள். ஆயுசு பூராவும் ஒட்டின கன்னத்தோடு இருந்த மனுஷன் வெட்கப்பட்டு முகத்தைத் தடவிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து இளைத்துவிட்டீர்கள் என்று வாய் தவறிக்கூடச் சொல்லமாட்டோம், சதை போட்டதை மட்டும் சபையில் சொல்வோம். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. எனக்கும் உள்ளூர நிம்மதிதான். வாராவாரம் அவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வைத்தவள் நான்.

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் பிஎச்டி செய்துகொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு அலுக்கிறது. வேதியியல் துறையில் இரும்பிலிருந்து ஒரு பொடி தயாரித்திருந்தார்கள். ஒவ்வொரு துகளும் கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண மைக்ராஸ்கோப்புக்கும் அகப்படாத அளவு சின்னது. இன்று அதை நானோ என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் லேபில் அதற்குப் பெயர் பொடி, அவ்வளவுதான். மேலே சர்க்கரை மாதிரி ஒரு பூச்சு கொடுத்து ரத்தத்தில் ஏற்றினால், ஸ்கேன் எடுக்கும்போது ஈரல் தெளிவாகத் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. வெளியூரில் ஒரு மருத்துவக் கல்லூரி அதைக் கேட்டிருந்தது. முதலில் முயலுக்கு, அப்புறம் மனுஷனுக்கு.

அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்தப் பொடி உள்ளே போனால் மனுஷ ரத்தத்தின் வெள்ளையணுக்கள் சும்மா இருக்குமா, இல்லை அதைக் கிருமி என்று நினைத்துச் சண்டைக்குக் கிளம்புமா? சும்மா இருந்தால் பொடி பாதுகாப்பானது என்று எழுதலாம். கிளம்பினால் எழுதக்கூடாது. எழுதிவிட்டால் அது யாரோ ஒரு நோயாளியின் நரம்பில் ஏறும். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய ஆள் நான். மூன்று வருஷமாக எனக்கு வேறு வேலையே இல்லை.

செய்முறை சொல்வதற்கு எளிது. ரத்தத்தை ஒரு கனமான திரவத்தின் மேல் மெல்ல ஊற்றிச் சுழற்றினால், சிவப்பெல்லாம் கீழே போய், நடுவில் பால் ஆடை மாதிரி ஒரு படலம் நிற்கும். அதுதான் வெள்ளையணுக்கள். அதை எடுத்துப் பிரித்து, ஒரு பங்கில் ஒன்றும் சேர்க்காமல், ஒரு பங்கில் பொடியைச் சேர்த்து, இன்னொரு பங்கில் கொதிக்க வைத்த ஈஸ்ட்டைச் சேர்த்து, எல்லாவற்றிலும் ஒரு மஞ்சள் சாயத்தை விட வேண்டும். அணு கோபப்பட்டால் அந்தச் சாயம் அதன் வயிற்றுக்குள் கருநீலமாக மாறும். ஈஸ்ட்டைப் பார்த்தால் எந்த அணுவுக்கும் கோபம் வரத்தான் வேண்டும், அது அணுக்கள் விழித்திருக்கின்றன என்பதற்குச் சாட்சி. அப்புறம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து நீலத்தை எண்ண வேண்டியதுதான். நடுவில் கரண்ட் போய்விட்டால் அன்றைய ரத்தம் சாக்கடைக்கு. அந்த ஊரில் கரண்ட் போகாத நாள் எது?

ரத்தத்துக்கு ஆள் கிடைப்பது அதைவிடப் பெரும்பாடு. முதலில் ஹாஸ்டல் பையன்கள் வந்தார்கள். ஊசியைப் பார்த்ததும் ஒருவன் மயங்கி விழுந்தான். இன்னொருவனின் அம்மா மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் பையன் ரத்தத்தை உறிஞ்சத்தான் காலேஜ் நடத்துகிறீர்களா என்று என் பிஎச்டி கைடான எங்கள் சாரைப் பிடித்துக்கொண்டாள். பரீட்சை வந்தால் பையன்கள் காணாமல் போவார்கள், லீவு விட்டால் கேட்கவே வேண்டாம். எனக்கு நாக்குத் தள்ளிப்போனது. ஒரு நாள் வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேவிட்டேன். அப்போது அப்பா, நம்ம உடம்பிலும் ரத்தம்தானே ஓடுகிறது, என்னிடம் எடுத்துக்கொள்ள ஆகாதா என்று கேட்டார்.

அப்பாவுக்கு ஒரு நூல் மில்லில் வேலை. பஞ்சுப் பொதியை உடைத்து மெஷினில் போடும் புளோரூமில் இருந்தார். மில்லிலேயே தூசி அதிகமுள்ள இடம் அதுதான். சாயங்காலம் கணபதி ஏரியாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரும்போது புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். கொஞ்சம் இழுப்பும் உண்டு. வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு பூனை மாதிரிக் கத்தும். ஆனால் அந்த வருஷம் இழுப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வெயில் நன்றாக அடித்தது, அதுதான் சளி கரைந்துவிட்டது என்றாள் அம்மா. நாங்களும் நம்பினோம்.

லேபுக்கு வருகிற நாளில் காலை ஷிப்டு முடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, காந்திபுரத்தில் பஸ் மாறி வருவார். பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவார். ரத்தம் எடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் சார் சில கேள்விகள் கேட்பது வழக்கம். காய்ச்சல் உண்டா, சளி உண்டா, மாத்திரை மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா.

"ஒண்ணுமில்லீங்க சார். நல்லாத்தானுங்க இருக்கறேன். நீங்க நல்லாருக்கீங்களா?"

சாரும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான், நல்லா இருக்கேனுங்க என்பார். பிறகு அப்பா ஊசியோடு நிற்கும் நர்ஸிடமும் அதையே கேட்பார். கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தாலும் விசாரிக்க வந்தவரிடம் நல்லா இருக்கிறேன் என்று சொல்லும் ஜாதி நாங்கள். நலம் விசாரித்தால் நலம் என்று சொல்வது வந்தவருக்குச் செய்யும் மரியாதை. இருமலையும் வயிற்றுப்போக்கையும் அவர் மடியில் கொட்டுவது நாகரிகமில்லை. ஒரு லேபின் கேள்விக்கும் வாசலில் நின்று கேட்கும் கேள்விக்கும் வித்தியாசம் உண்டென்று அப்பாவுக்கு யார் சொன்னார்கள்? கேட்ட சாருக்கும் அது தோன்றவில்லை.

அப்பாவின் அணுக்கள் அருமையாக இருந்தன. பொடியைப் போட்டாலும் ஒரு சலனமும் இல்லை. பையன்களின் அணுக்கள் பொடியைப் பார்த்ததும் நீலமாகிக் குதித்தன. ஹாஸ்டல் பையன்களுக்கு எப்போதும் சளி இருக்கும், அவர்கள் கணக்கே வேண்டாம் என்று சார் ஒதுக்கிவிட்டார். அப்பாவின் அணுக்கள் ஈஸ்ட்டுக்கும் சரியாக எழவில்லை என்று காட்டினேன். வயசானவர், மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார். "அப்பாவாட்டமே அணுவும் சாந்தமுங்க" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அலுத்துப்போனவளுக்கு நல்ல செய்தி சொன்னால் துருவிக் கேட்கத் தெம்பு இருக்குமா? பிறகு வாராவாரம் அப்பாவின் ரத்தம் மட்டுமே. பொடி பாதுகாப்பானது என்று கட்டுரை உருவாகத் தொடங்கியது.

வீட்டில் அம்மா தன் பங்குக்கு ஞாயிறுதோறும் ஆட்டு ரத்தம் வாங்கி வெங்காயம் போட்டுப் பொரித்து அப்பாவின் தட்டில் குவித்தாள். வாரம் நடுவில் மகள் எடுக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி ஊற்றுகிறாள், நான் என்ன பெட்ரோல் டேங்கா என்று அப்பா கேட்பார். மூவரும் சிரிப்போம். முகம் உருண்டுகொண்டே வந்தது.

ஒரு சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து தலை விண் விண் என்று தெறிக்க, பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலில் தலைவலி மாத்திரை வாங்க நின்றேன். எங்கள் குடும்பத்தையே தெரிந்த கடைக்காரர். மாத்திரையை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, அப்பாவுக்கு மாத்திரை தீந்திருக்குமே. கையோட கொண்டு போயிர்றீங்களா?"

என்ன மாத்திரை என்று கேட்டேன். நம்ம வீசிங் மாத்திரைதான், மில்லுக்காரர்கள் பாதிப்பேர் இதில்தான் வண்டி ஓட்டுகிறார்கள் என்றார். டாக்டர் சீட்டா? அதெல்லாம் எதற்கு, சும்மா சொல்லக்கூடாது, அப்பாவுக்கு இது ரொம்ப ஒத்துக்கொண்டது, முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றார். பிறகு என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்து இன்னொன்றும் சொன்னார். "உங்க லேபுக்கு வார நாள்ல ரெண்டாப் போட்டுக்குவாருங்க. அங்க வந்து இருமுனா நல்லாருக்காதுன்னு."

அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தேன். ஸ்டீராய்டு. என் லேப் பிரிட்ஜில் இதே இனத்து மருந்து ஒரு சின்னப் பாட்டிலில் இருந்தது. வெள்ளையணுக்களைத் தூங்க வைக்க வேண்டுமானால் அதில் ஒரு சொட்டு விடுவோம். தூங்கும் அணு பொடியையும் பார்க்காது, ஈஸ்ட்டையும் பார்க்காது. முகம் உருண்டது சதை அல்ல, அந்த மாத்திரை ஏற்றிய வீக்கம். நான் தலைவலி மாத்திரையை வாங்கவே இல்லை. கடையிலிருந்து வீடு வரைக்கும் எப்படி நடந்தேன் என்று இன்றும் எனக்கு நினைவில்லை.

அப்பாவிடம் கத்த வேண்டும் என்றுதான் போனேன். அவர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏனுங்கப்பா சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"சார் கேக்கறப்ப இழுப்புன்னு சொன்னா வேற ஆளத் தேடோணும். உன் வேல நின்னு போயிருமில்ல கண்ணு."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் அந்த மாத்திரை தெரியாது. அப்பா குற்றவாளி மாதிரித் தலை குனிந்து தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் அத்தனையும் அந்தத் தட்டிலேயே செத்துவிட்டது.

மறுநாள் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அப்ப நாம பொடிய டெஸ்ட் பண்ணலீங்க. மாத்திரையத்தான் பண்ணியிருக்கறோம்" என்றார். அவர் நல்லவர். மருத்துவக் கல்லூரிக்கு அன்றே போன் போட்டு, பொடி இப்போது வராது, எங்கள் வேலையில் தப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அப்பாவின் ரத்தத்தில் செய்ததெல்லாம் குப்பைக்குப் போயிற்று. நான் மறுபடி ஹாஸ்டல் வாசலில் நின்று பையன்களைக் கெஞ்ச ஆரம்பித்தேன். இந்த முறை அவர்கள் சட்டைப் பையில் என்ன மாத்திரை என்பதுவரை குடைந்தேன். எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தது.

அப்பா மனசு புண்படக்கூடாது என்று சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார். வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கி வந்து, இத்தனை நாள் செய்த உதவிக்கு நன்றி சொன்னார். அப்பா, அப்போ என் ரத்தம் வேலைக்கு ஆகாதுங்களா என்று கேட்டார். மூஞ்சிக்கு நேரே ஆகாது என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கு நாக்கு வரும்? சார் எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திரை நின்னு போச்சுன்னா மறுபடியும் உங்க ரத்தந்தானுங்க எங்களுக்கு."

அது ஒரு மரியாதைப் பேச்சு. விடைபெறும்போது அவசியம் வந்து பத்து நாள் தங்கிப் போங்கள் என்று சொல்வோமே, அந்த மாதிரி. யாரும் வந்து தங்கமாட்டார்கள் என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும் என்றுதான் நினைத்தோம். இருந்தாலும் சார் போனபின் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னேன். இந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தக்கூடாது, திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது, டாக்டரைப் பார்த்துக் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இந்த வாரமே போவோம் என்றேன். "செரி கண்ணு" என்றார். அந்த வாரம் மில்லில் ஆள் இல்லை என்றார், அதற்கடுத்த வாரம் டாக்டர் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டேன் என்றார். எல்லாவற்றுக்கும் செரி கண்ணு.

அதற்குள் புதுக் கணக்கு வர ஆரம்பித்தது. சளி இல்லாத, மாத்திரை இல்லாத, நன்றாகத் தூங்கி எழுந்த பையன்களின் அணுக்கள். பொடி கொஞ்சமாக இருந்தால் பேசாமல் இருந்தன. ஸ்கேனுக்கு வேண்டிய அளவு போட்டால் கிளம்பின, கருநீலம். யார் ரத்தமானாலும் அதே கதை. முன்பு ஒதுக்கிய பையன்களின் அணுக்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. பாதுகாப்பானது என்று இனி எழுத முடியாது. பூச்சை மாற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னும் எத்தனை வருஷமோ. சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னுடையதில் பார்த்தபோது நல்லதாக வந்ததே என்றார். அது மாத்திரை செய்த வேலை என்று எத்தனை தடவை சொல்வது! போங்கப்பா என்று எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அவர் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு வந்த நாட்களில் மறுபடி நெஞ்சு கத்தத் தொடங்கியது. முகம் கொஞ்சம் வற்றியது. பனிக்காலம் வந்துவிட்டது, அதுதான் என்றார் அப்பா. ஒரு காலையில் ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாந்தி எடுத்தார். எழுந்து நிற்கப் பார்த்துக் கால் மடங்கி விழுந்தார். கை சில்லிட்டுக் கிடந்தது, மூச்சு ஊசிக்காது வழியாகப் போய் வருவதாகத் தோன்றியது. தெருக் கோடியிலிருந்த லேத் பட்டறைக்காரர் தன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். அம்மா வழியெல்லாம் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவர் சட்டைப் பையைத் தடவினேன். மாத்திரை அட்டை இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் எல்லாவற்றையும் நானே கொட்டினேன். டாக்டர் அப்பாவின் காதருகே குனிந்து, மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நல்லா இருக்கேனுங்க என்றார் அப்பா. டாக்டர் விடவில்லை. அப்புறம் மெல்ல, சார் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் என்றார். முதலில் பாதியாக்கினாராம், இப்போது மொத்தமாக விட்டுவிட்டாராம். மாத்திரை இத்தனை நாள் செய்த வேலையை உடம்பு தானே செய்ய மறந்துவிட்டது, நல்லவேளை கொண்டு வந்தீர்கள் என்றார் டாக்டர். நர்ஸை ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு ட்ரிப்பில் போட மருந்தைத் தயார் செய்யப் போனார்.

நர்ஸ் கையில் ரப்பரைக் கட்டியதும் அப்பா கண்ணைத் திறந்தார். எந்த நரம்பு என்று காட்ட முழங்கையைத் தானே திருப்பிக் கொடுத்தார். பழகின கை. ஊசி ஏறி, டியூப் நிறைந்துகொண்டிருந்தபோது மூக்கின் மேலிருந்த மாஸ்க்கை மற்ற கையால் விலக்கினார். அம்மா பதறிப்போய் அதை மறுபடி வைக்க முயன்றாள். அப்பா அவளைத் தடுத்துவிட்டு நர்ஸைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இதுல கொஞ்சம் எங்க புள்ளைக்குக் குடுங்க. மாத்திரை நின்னு போச்சுங்க. இப்ப சுத்தமாத்தானுங்க இருக்கும்."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. டியூபை எடுத்து மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். டாக்டர் அதே இனத்து ஸ்டீராய்டைச் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு கட்டிலருகே வந்துவிட்டார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"எடுத்துக்கறனுங்கப்பா" என்றேன். "செரி கண்ணு" என்று சொல்லி மாஸ்க்கைத் தானே மூக்கின் மேல் வைத்துக்கொண்டார். நர்ஸ் அந்த டியூபை மற்ற டியூப்களோடு தட்டில் வைத்து ஆஸ்பத்திரி லேபுக்கு எடுத்துப் போனாள்.